வால்யூம் முப்பதுல நிக்குது!

உங்க வீட்டுல கார், ஜீப், வேன்னு ஏதாவது ஒண்ணு இருக்கா? இருந்தா அதுல பாட்டுப் பொட்டி ஒண்ணு இருக்குமே, அதோட வால்யூம் வழக்கமா எந்த நம்பர்ல நிக்குதுன்னு எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா? நான் கவனிச்சதில்லை. போன பொங்கல் வரைக்கும்.

பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தப்போ தம்பி ஆரம்பிச்சான். காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்த புதுசு. அவன் ஃப்ரெண்டு கார்ல பின் சீட்டுல உட்கார்ந்தா, பாட்டுக்குத் தகுந்த மாதிரி சட்டையே ஆடுமாம். "நம்ம வண்டியிலயும் ஒரு சப்வூஃபர் போட்டே ஆகணும்க்கா!"

ஆச்சர்யம், அப்பா உடனே ஓகே சொல்லிட்டார். "ஆமா, அந்தப் பொட்டி வீணாப் போச்சு. எவ்வளவு வெச்சாலும் மந்தமாவே இருக்கு. 20,000 ரூபா தர்றேன். அதுக்கு மேல ஒரு பைசா கேட்கக் கூடாது. போட்டா எனக்குத் தெளிவா கேட்கணும், அவ்வளவுதான்."

அடுப்படியிலேருந்து அம்மா குரல்: "எதை வேணா போடுங்க. வண்டி தீப்பிடிக்கக் கூடாது!"

ஆக, கண்டிஷன் மூணு. தம்பிக்குச் சட்டை ஆடணும். அப்பாவுக்குக் கேட்கணும். அம்மாவுக்குத் தீப்பிடிக்கக் கூடாது. வீட்டுல இ.இ.இ. படிக்கிற ஒரே ஜீவன் நான்தான்கிறதால பிளானிங் முழுக்க என் தலையில. ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குக்கூட நான் அவ்வளவு நோட்ஸ் எடுக்கலை!

எங்க வீட்டு பொலிரோ

ஊர் பேராவூரணி பக்கம். வண்டி 2012 மாடல் பொலிரோ. பேருக்குத்தான் குடும்ப வண்டி. விதைநெல், உரமூட்டை, தேங்காய், கல்யாண கோஷ்டி, ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலி வந்த பக்கத்து வீட்டு அக்கா... எல்லாரும், எல்லாமும் அதுல போயாச்சு. ஓட்டறது அப்பா. நல்லா ஓட்டுவார். ஒரே ஒரு கெட்ட பழக்கம், இண்டிகேட்டர் போட்டுட்டு அணைக்க மறந்துடுவார். பட்டுக்கோட்டையில திரும்பினதுக்குப் போட்டது ஒரத்தநாடு வரைக்கும் கண்ணடிச்சுக்கிட்டே வரும். "அப்பா... இண்டிகேட்டர்!"னு கத்தறது எங்களுக்கெல்லாம் ஒரு ஃபேமிலி ஜோக்.

அந்த வண்டியோட பாட்டுப் பொட்டிக்கு எங்க தெருவுல தனி மரியாதை உண்டு. காரணம், கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்த அந்தப் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்பை எல்லாம் எப்படிப் படுக்கப் போட்டுச்சுன்னு படத்துல பார்த்திருப்பீங்க. நான் அப்போ ஒன்பதாம் வகுப்பு. தெருவுல ஒரு கரண்ட் கம்பம்கூட நேரா நிக்கலை. போன்ல சார்ஜ் இல்லை, டவரும் இல்லை. வெளியில என்ன நடக்குதுன்னே தெரியாது.

அன்னிக்குச் சாயங்காலம் அப்பா வண்டியோட நாலு கதவையும் திறந்து வெச்சு ரேடியோவைப் போட்டார். திருச்சி வானொலிச் செய்தி. தெருவே வண்டியைச் சுத்தி நின்னு கேட்டுச்சு. சுத்திலும் கும்மிருட்டு. வெளிச்சம்னு இருந்தது அந்தப் பொட்டியோட பச்சை டிஸ்ப்ளே மட்டும்தான். அதனாலேயே அந்த நம்பர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. வால்யூம் 16. அதுல முப்பது பேருக்கும் கேட்டுச்சு. மூணாம் நாள் பேட்டரி படுத்து, பத்துப் பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளினது தனிக் கதை.

போன பொங்கலப்போ அதே பொட்டியில வால்யூம் 30. மொத்தமே 35தான். "பொட்டி வீணாப் போச்சு"ன்னு அப்பா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். நீங்களும் நம்பியிருப்பீங்க.

ஆயிரம் வாட்ஸ் மாயம்

முதல்ல நானும் தம்பியும் ஒரு கடைக்குப் போனோம். நான் கேள்வி கேட்கக் கேட்க, கடைக்காரர் பதிலை என் தம்பியைப் பார்த்தே சொன்னார். கடைசியில, "அண்ணன், மாமா யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா, பேசிக்கலாம்"னு ஒரு போடு வேற! அவர் காட்டின ஆம்ப்ளிஃபயர் மேல கொட்டை எழுத்துல '1000 வாட்ஸ்'னு போட்டிருந்துச்சு. விலையோ அடிமாட்டு விலை. தம்பி கண்ணுல பல்பு எரிஞ்சுது.

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாடி ஒரே ஒரு ஃப்யூஸ். 20 ஆம்பியர்.

இங்கேதான் நீங்க கொஞ்சம் கணக்குப் போடணும், ப்ளஸ் டூ பிசிக்ஸ் போதும். வாட்ஸ்ங்கிறது வோல்ட்டை ஆம்பியரால பெருக்கினது. இன்ஜின் ஓடறப்போ வண்டியில சுமார் 13-லேருந்து 14 வோல்ட் இருக்கும். 13-ஐ 20-ஆல பெருக்கினா 260. அதாவது அந்தப் பொட்டி தொடர்ந்து உள்ளே இழுத்துக்கக்கூடியதே 260 வாட்ஸ்தான். அதுலயும் பாதி சூடாப் போயிடும். உள்ளே போறது 260, வெளியே வர்றது மட்டும் எப்படிங்க 1000?

கண் இமைக்கிற நேரத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கிற உச்சத்தைக்கூட வாட்ஸ்னு போட்டுக்கிறாங்க. நீங்க பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.'னு போட்டிருக்கிற நம்பர். அது இல்லேன்னா, ஃப்யூஸைப் பாருங்க. அட்டைப் பெட்டி பொய் சொன்னாலும் ஃப்யூஸ் பொய் சொல்லாது.

வண்டியோட வர்ற சாதாப் பொட்டி மேலயும் '50 வாட்ஸ், நாலு ஸ்பீக்கருக்கு'ன்னு போட்டிருக்கும். அது 12 வோல்ட் பேட்டரியில ஓடுது, ஸ்பீக்கர் 4 ஓம்னா, சத்தம் கிழியாம ஒரு ஸ்பீக்கருக்குக் கிடைக்கிறது சுமார் 18 வாட்ஸ். இன்ஜின் ஓடி 14.4 வோல்ட் வந்தாலும் 26-ஐத் தாண்டாது. ஆம்ப்ளிஃபயர் வேணும்கிறதுக்குக் காரணமே இதுதான். அது தனக்குள்ளேயே வோல்ட்டேஜை ஏத்திக்கிட்டு, அப்புறம் ஸ்பீக்கருக்கு அனுப்புது.

இன்னொண்ணு. 300 வாட்ஸை 600 ஆக்கினா சத்தம் டபுள் ஆகும்னு நினைக்கிறீங்களா? இல்லை. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது 'கொஞ்சம் ஏத்தின மாதிரி' இருக்கும், அவ்வளவே. ரெண்டு மடங்கு சத்தமா உணரணும்னா சுமார் 10 டெசிபல் வேணும். அதுக்குப் பவர் பத்து மடங்கு! பர்ஸ் தாங்காது பாஸ். அதனால சும்மா வாட்ஸ் பின்னாடி ஓடாதீங்க.

கடைமடைக் கணக்கு

அடுத்தது வயர். இதை எனக்குச் சொல்லித் தந்தது காலேஜ் இல்லை, அப்பாதான். அதுவும் அவருக்கே தெரியாம.

பேட்டரி முன்னாடி பானட்டுக்குள்ளே இருக்கு. ஆம்ப்ளிஃபயர் பின் சீட்டுக்குக் கீழே. நடுவுல வயர் சுமார் 5 மீட்டர். "பேட்டரிதான் ஃபுல்லா இருக்கே, எந்த வயரா இருந்தா என்ன?"ன்னு தம்பி கேட்டான். திண்ணையில உட்கார்ந்திருந்த அப்பாகிட்ட அதே கேள்வியை நான் கத்திக் கேட்டேன்.

"மேட்டூர்ல அணை நிரம்பிக் கிடந்தா உனக்குப் போதுமா பாப்பா?"ன்னார். "ஜூன் 12 திறந்தாச்சுன்னு டிவியில காட்டுவான். அது கல்லணைக்கு வரணும். அங்கே காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், நம்ம கல்லணைக் கால்வாய்னு பிரியணும். தஞ்சாவூருக்குள்ளே புது ஆறா ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை தாண்டி இங்கே வரணும். வாய்க்கால் தூர்ந்து கிடந்தா மேட்டூர்ல 120 அடி இருந்தாலும் நம்ம வயல்ல வெடிப்புதான்."

அவ்வளவுதாங்க மேட்டர். பின் சீட்டு ஆம்ப்ளிஃபயர் ஒரு கடைமடை வயல். வயர்தான் வாய்க்கால்.

நம்பராவே பார்த்துடுவோம். நாங்க பிளான் பண்ணினது 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., நாலு சேனல். மொத்தம் 200 வாட்ஸ். பாதி சூடாப் போகும்னு வெச்சா, முழு வேகத்துல 400 வாட்ஸ் இழுக்கும். 13-ஆல வகுத்தா சுமார் 30 ஆம்பியர். வீட்டு பிளக் பாயின்ட்டுக்குப் போடற 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர்ல 5 மீட்டர் தூரத்துக்கு 30 ஆம்பியர் போனா, வழியிலேயே 1 வோல்ட் காணாமப் போயிடும். போன வோல்ட் எங்கேயும் ஓடலை, வயரைச் சூடாக்கிக்கிட்டு இருக்கும். அதுவே 4 கேஜ் செம்பு வயர், அதாவது சுமார் 21 ஸ்கொயர் எம்.எம். போட்டா, இழப்பு 0.12 வோல்ட்தான்.

செம்புன்னு சொல்றப்போ ஒரு எச்சரிக்கை. வெளியே பளபளன்னு செம்பு, உள்ளே அலுமினியம். இப்படி ஒரு வயர் பாதி விலைக்குக் கிடைக்கும். நுனியை பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா அது முலாம். அதே கனத்துல செம்பு கடத்தற அளவு அது கடத்தாது. அதையேதான் வாங்கணும்னா ஒரு சைஸ் பெருசா வாங்கணும்.

அம்மா கண்டிஷன்

தீப்பிடிக்கக் கூடாதுன்னு அம்மா சும்மா சொல்லலை. ரெண்டு வருஷம் முன்னாடி முன்பக்கம் எக்ஸ்ட்ரா லைட்டு ஒண்ணு மாட்டினோம். மாட்டினவர் பேட்டரியிலேருந்து நேரா ஒரு மெல்லிசு வயரை இழுத்து விட்டுட்டார். ஃப்யூஸ் கிடையாது. ஒருநாள் கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பறப்போ ரப்பர் தீயற வாடை. அப்பாவுக்குத் தெரியலை, எங்களுக்கும் தெரியலை. அம்மாதான் "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு கத்தினாங்க. பானட்டைத் திறந்தா, வயர் தகரத்துல உரசித் தோல் கிழிஞ்சு, உருகிப் போய் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம் ஓட்டியிருந்தா நான் இதை எழுதிக்கிட்டு இருக்க மாட்டேன்.

அதனால இதை மட்டும் நோட்டுல எழுதி வெச்சுக்கங்க. பேட்டரியிலேருந்து கிளம்பற பெரிய வயருக்கு, ஒன்றரை அடிக்குள்ளேயே ஒரு ஃப்யூஸ் இருக்கணும். ஆம்ப்ளிஃபயர்லதான் ஃப்யூஸ் இருக்கேன்னு விட்டுடாதீங்க. அது ஆம்ப்ளிஃபயருக்கு. பேட்டரி பக்கத்துல போடறது வயருக்கு. நடுவழியில வயர் எங்கே நசுங்கினாலும் மூடிக்கிற முதல் மதகு அதுதான். தகரத்துல ஓட்டை வழியா வயர் போற இடத்துல ரப்பர் வளையம் கட்டாயம்.

ஃப்யூஸ் எங்கே வருது, வயர் எந்தப் பக்கம் போகுதுன்னு படம் போட்டு அம்மாகிட்ட காட்டினேன். முழுசாப் பார்த்துட்டு, "இதை யார் மாட்டினாலும் நீ பக்கத்துல நில்லு"ன்னாங்க. சாங்ஷன்!

அந்த ராத்திரி

எல்லாம் முடிவாச்சு. ஆம்ப்ளிஃபயர், 4 கேஜ் வயர், தம்பிக்கு 10 இன்ச் சப்வூஃபர். பழைய ஸ்பீக்கர் எது நல்லா இருக்கு, எது போச்சுன்னு பார்த்துட்டா பட்ஜெட் எழுதிடலாம். அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. ஒரே சீரான ஒலியை வேற வேற அலைவரிசையில போடற ஆப்ஸ் போன்ல இலவசமாவே கிடைக்குது. சாப்பிட்டு முடிச்சு ஒன்பது மணி வாக்குல நாலு பேரும் வண்டியில உட்கார்ந்தோம். அப்பா ஸ்டியரிங் பக்கம். நான் பக்கத்துல போனோட.

250 ஹெர்ட்ஸ் போட்டேன். 'ம்ம்ம்'னு அடிவயித்துச் சத்தம். "கேட்குது"ன்னார் அப்பா. 500, கேட்குது. 1000, கேட்குது. 2000 போட்டப்போ கொஞ்சம் யோசிச்சு, "லேசா"ன்னார்.

4000 போட்டேன். பின் சீட்டுல தம்பி, "ஸ்பீக்கர் நல்லாத்தான்க்கா இருக்கு"ன்னான். அப்பா ரோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். வால்யூமை 20-க்கு ஏத்தினேன். அம்மா முகத்தைச் சுளிச்சாங்க. 25-க்கு ஏத்தினேன். அம்மா ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாங்க. எனக்கே பல் கூசுச்சு.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "போடு பாப்பா. ஏன் நிறுத்திட்டே?"ன்னார்.

வண்டிக்குள்ளே யாரும் பேசலை. நான் சத்தத்தை அணைச்சேன். அவருக்கு அதுவும் தெரியலை. "என்ன, மெஷின் ரிப்பேரா?"ன்னார்.

எனக்கு அப்போதான் வரிசையா ஞாபகம் வந்துச்சு. அணைக்காத இண்டிகேட்டர். அந்த 'டிக் டிக்' அவருக்குக் கேட்டாத்தானே அணைப்பார்! 'பத்து'ன்னு சொன்னா 'பட்டா'ன்னு கேட்பார். நாங்க சிரிப்போம். திண்ணையில அவர்கிட்ட நான் கத்திப் பேசினேன்னு மேலே எழுதினேன் இல்லையா? எப்போலேருந்து கத்த ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியலை. எத்தனை வருஷமா இதை ஜோக்குன்னு நினைச்சுச் சிரிச்சிருக்கோம்!

உயிர் கேட்குது, மெய் கேட்கலை

தஞ்சாவூர்ல காது, மூக்கு, தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். ஒரு சின்ன கண்ணாடி ரூமுக்குள்ளே உட்கார வெச்சு டெஸ்ட் எடுத்தாங்க. வந்த கிராஃப்ல கோடு 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும் சமமா வந்து, 4000 பக்கத்துல கிணத்துக்குள்ளே விழுந்த மாதிரி இறங்குச்சு. ரெண்டு காதும்தான்.

டாக்டர் முதல்ல கேட்ட கேள்வி, "இன்ஜின் பக்கத்துல வேலை செஞ்சீங்களா?"

செஞ்சார். இருபது வருஷத்துக்கு மேல. கடைமடையில தண்ணி தானா வயலுக்கு ஏறாது. வாய்க்கால்ல வர்ற கொஞ்சத் தண்ணியை ஆயில் இன்ஜின் வெச்சு இறைக்கணும். முறை வர்றப்போ ராத்திரி முழுக்க இன்ஜின் பக்கத்துலயே கயித்துக் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். பகல்ல டிராக்டர். எங்க சோறு, என் ஃபீஸ் எல்லாம் அந்தச் சத்தத்துலேருந்து வந்ததுதான்.

காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஒரு உறுப்பு. அதுல மெல்லிசா முடி மாதிரி செல்கள். அதிகச் சத்தத்துல அது சாய்ஞ்சா சாய்ஞ்சதுதான், திரும்ப முளைக்காது. சத்தத்தால வர்ற பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் முதல்ல அடிக்கும். பேச்சுல 'அ, ஆ, ஓ' எல்லாம் கனத்த சத்தம், கீழே இருக்கு. 'ச், த், ட், க்' மாதிரி எழுத்துங்க மெல்லிசா மேலே இருக்கு. அப்பாவுக்கு உயிரெழுத்து கேட்குது, மெய்யெழுத்து விழலை. யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. அதான் 'மந்தமா இருக்கு'!

இப்போ யோசிங்க. இவருக்கு நாங்க சப்வூஃபர் வாங்கிக் கொடுக்க இருந்தோம். அது தர்றது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற 'தம் தம்'. அவருக்கு ஏற்கெனவே நல்லாக் கேட்கிற ஏரியா. அதை இன்னும் ஏத்தினா, கனத்த சத்தம் மெல்லிசு சத்தத்தை அமுக்கிடும். கொஞ்சநஞ்சம் விழற மெய்யெழுத்தும் போயிருக்கும்.

அப்பாகிட்ட இதைச் சொன்னப்போ அவர் பாணியில சொன்னார்: "மேட்டு வயல்ல தண்ணி ஏறலைன்னு மொத்த மடையையும் திறந்து விட்டா பள்ளத்து வயல்தான் முழுகும். மேட்டுக்குத் தனியா இறைக்கணும்." காது மெஷின் செய்யறதும் அதேதான். மொத்தமாக் கத்தாது. எங்கே குறையுதோ அங்கே மட்டும் ஏத்திக் கொடுக்கும்.

புரிஞ்சுதே தவிர, வாங்க மாட்டேன்னார். "காது மெஷின் மாட்டிக்கிட்டுக் களத்துமேட்டுல நின்னா கிழவன்னு சொல்லுவான். நீங்க செட்டை வாங்குங்க." ரெண்டு நாள் இதே பாட்டு. கடைசியில பேசினது தம்பிதான். "நான் கண்ணாடி போட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க? கண்ணு தெரியாம முட்டிக்கிறதுக்கு இது தேவலாம்னுதானே? சப்வூஃபர் எங்கே போயிடப் போவுது? முதல்ல உங்க மெஷின்." சொல்லிட்டு விறுவிறுன்னு தோப்புப் பக்கம் போயிட்டான். சட்டை ஆடணும்னு கேட்ட அதே தம்பி!

கடைசியில போட்ட பிளான்

வயர், ஃப்யூஸ், நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர், முன் கதவுக்குத் தெளிவான ஒரு ஜோடி ஸ்பீக்கர். 12,500 ரூபாயில முடிச்சோம். மிச்சம் 7,500-ஓட, கஜாவுல தப்பிச்ச மரங்களோட ஒரு வெட்டுத் தேங்காய்க் காசைச் சேர்த்து, இப்போதைக்கு ஒரு காதுக்கு மெஷின். ரெண்டு காதுக்கும் வேணும்னுதான் டாக்டர் சொன்னார். இன்னொண்ணு அடுத்த அறுப்புக்கு.

ஆம்ப்ளிஃபயர்ல ரெண்டு சேனல் இப்போ சும்மா இருக்கு. பின்னாடி அதை ஒண்ணா இணைச்சு சப்வூஃபர் மாட்டிக்கலாம். வயரும் அதுக்குச் சேர்த்தே போட்டாச்சு. தம்பியோட பங்கு பத்திரமா இருக்கு.

மாட்டினது பட்டுக்கோட்டையில ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன். அம்மா ஆர்டர்படி நான் பக்கத்துலயே நின்னேன். நின்னும் ஒரு தப்பு பண்ணினோம். எர்த் வயரைப் பெயின்ட் அடிச்ச தகரத்து மேலேயே முடுக்கிட்டோம். ஸ்டார்ட் பண்ணினா ஸ்பீக்கர்ல 'கொய்ய்ங்'னு ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க அதுவும் ஏறுது. டைனமோ சத்தம் எர்த் வழியா உள்ளே வர்றதுக்கு அது அடையாளம். பெயின்ட்டைச் சுரண்டித் தகரம் பளிச்சுன்னு தெரிஞ்ச இடத்துல முடுக்கினதும் நின்னுடுச்சு. பவர் வயர் வண்டியோட ஒரு ஓரமும், பாட்டு வர்ற வயர் எதிர் ஓரமும் போகட்டும். ஒண்ணாக் கட்டினாலும் இந்தக் கொய்ங் வரும்.

நீங்களும் பிளான் பண்றீங்கன்னா, வரிசை இதுதான்: முதல்ல கேட்கப் போற காது. அப்புறம் டைனமோவும் பேட்டரியும் தாங்குமான்னு கணக்கு. அடுத்து வயர், ஃப்யூஸ், எர்த். அதுக்கப்புறம் முன் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர். சப்வூஃபர் கடைசி. கடைக்காரர் இதைத் தலைகீழாச் சொல்லுவார். நம்பாதீங்க. கம்பெனி வயரை வெட்டாம, கப்ளர் வாங்கி மாட்டச் சொல்லுங்க. அப்போதான் வேணாம்னா பழையபடி கழட்டிடலாம்.

அப்புறம் உங்க காது. 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம்னு ஒரு கணக்கு உண்டு. அதுக்கு மேல 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88-ல நாலு மணி. 94-ல ஒரு மணி. 100-ல கால் மணிதான். கை எட்டற தூரத்துல நிக்கிறவர்கிட்ட கத்தித்தான் பேச முடியுதுன்னா 85-ஐத் தாண்டியாச்சுன்னு வெச்சுக்கங்க. அப்பாவுக்கு வேற வழி இல்லை, வயலுக்குத் தண்ணி வேணும். காதுல இயர்ஃபோனைச் செருகிக்கிட்டு ஃபுல் சவுண்டுல வர்ற நமக்கு என்ன தலையெழுத்து? ஆயில் இன்ஜின் இன்னும் ஓடுதுதான். இப்போ அப்பா கட்டிலைத் தள்ளிப் போட்டு, காதுல அடைப்பான் வெச்சுக்கிறார்.

மெஷின் மாட்டின அன்னிக்கு தஞ்சாவூர்லேருந்து திரும்பினோம். எழுபது கிலோமீட்டருக்கு மேல. புது செட்டுல திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையோட தோடி. ஒரத்தநாடு தாண்டி ஒரு திருப்பத்துல இண்டிகேட்டர் போட்டார். திரும்பினார். வழக்கம்போல நான் கத்தறதுக்கு வாயைத் திறந்தேன்.

"அது என்ன பாப்பா, டிக் டிக்னு ஒரு சத்தம்?"ன்னார்.

"இண்டிகேட்டர்ப்பா."

"இதுக்குச் சத்தம் வேற வருமா!" அணைச்சார். கொஞ்ச தூரம் பேசாம ஓட்டினார். அப்புறம் அவரே கையை நீட்டிச் செட்டோட வால்யூமைக் குறைச்சார். எட்டிப் பார்த்தேன். 17.

இந்த வாரம் வீட்டுக்குப் போறப்போ நீங்களும் ஒரு தடவை அந்த நம்பரைப் பாருங்க. வண்டி இல்லைன்னா டிவி ரிமோட்டு இருக்குமே, அதுல பாருங்க. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுதுன்னா, பொட்டியைத் திட்டறதுக்கு முன்னாடி பக்கத்துல உட்கார்ந்து கொஞ்ச நேரம் மெதுவாப் பேசிப் பாருங்க. கத்தாம.